அடி மூடாத பானைகள்

அல்லிக்குளத்துக் காட்டில் ஒரு கரடி இருந்தாள். பெயர் வேலாயி. அவள் பானை வனைகிறவள்.

கரடிக்கு எங்கேயாவது பானை வனையத் தெரியுமா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். முயல் பேசுகிறது என்றால் நம்புகிறீர்கள். கரடி பானை செய்கிறாள் என்றால் மட்டும் கசக்கிறதா? அவளுக்குக் கை பெரிசு, நகம் நீளம். மண்ணைத் தோண்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பேசாமல் கதையைக் கேளுங்கள்.

அந்தக் காட்டில் கோடை வந்தால் குளம் வற்றிவிடும். பிறகு தண்ணீர் வேண்டுமென்றால் மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆற்றுக்குத்தான் போகவேண்டும். ஆற்றில் முதலை கிடக்கிறது. யானையும் காட்டெருமையும் பயமில்லாமல் போய்க் குடித்துவிட்டு வரும். முயலும் அணிலும், முயல் அளவே இருக்கும் சருகுமானும் என்ன செய்யும்? அதனால் குளம் வற்றுவதற்கு முன்பே வேலாயி பானைகள் செய்து, சூளை வைத்துச் சுட்டுக் கொடுப்பாள். ஆளுக்கொரு பானையில் தண்ணீர் மொண்டு வாசல் நிழலில் வைத்துக்கொள்வார்கள். யார் வாசல் பானையானாலும், தாகத்தோடு வருகிற யாரும் அதில் குடிக்கலாம். அது அந்தக் காட்டு வழக்கம். முதல் மழை வரைக்கும் சின்ன உயிர்களுக்கு அந்தப் பானைகள்தான் கதி.

வருஷா வருஷம் இது ஒழுங்காக நடந்து வந்தது. இந்த வருஷம் வேலாயிக்கு இரண்டு குட்டிகள் பிறந்திருந்தன. மூத்தவன் மொச்சை. இளையவள் உளுந்து. அப்பாக் கரடி எங்கே என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். கரடிக் குலத்தில் அப்பா என்பவர் தேன் எடுக்கப் போனால் போனவர்தான்.

கரடிக் குட்டிகளுக்குத் தரையில் நடப்பது கௌரவக் குறைச்சல். நாள் முழுக்க அம்மாவின் முதுகில்தான் சவாரி. முதுகு மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அம்மா நடந்தால் சரி, ஓடினாலும் சரி. ஆனால் அம்மா சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அவர்களுக்குப் பொறுக்காது.

வேலாயி கோலால் சக்கரத்தைச் சுற்றிவிடுவாள். ஈர மண் மெல்ல எழும்பி வரும். அது ஒடுங்கிக் கழுத்து வாங்குகிற நேரம் பார்த்து மொச்சை அவள் காதைப் பிடித்து இழுப்பான்.

"அம்மா, எறும்பு!"

"பார்த்தேன்டா. விடு காதை."

"நீ பார்க்கவே இல்ல. நீ மண்ணைத்தான் பார்த்தே."

வேலாயி திரும்பிப் பார்ப்பாள். முதுகு அசையும், கை அசையும், பானை ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடும். மறுபடி மண்ணைப் பிசைந்து வைத்தால் உளுந்துக்குப் பசிக்கும். உளுந்துக்குப் பசி தீர்ந்தால் மொச்சைக்குத் தூக்கம் வரும். பொழுது சாயும்போது சக்கரத்தின் மேல் ஒரு பானைகூட நிற்காது. வேலாயிக்கு மட்டும் இடுப்பு ஒடிந்துபோயிருக்கும்.

இதற்கு நடுவில் அந்த வழியாகப் போகிறவர்களெல்லாம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

"வேலாயக்கா, பானை எப்போ?" என்று முயல் கேட்டான்.

"பானை எப்போ வேலாயி?" என்று மயில் தோகையைத் தூக்கிக்கொண்டு கேட்டான்.

"பானை எப்போ, பானை எப்போ?" என்று அணில்கள் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டே கேட்டன. பதிலைக் கேட்க நிற்கவில்லை.

"ஆயிரும், ஆயிரும்" என்று சொல்லிச் சொல்லி வேலாயிக்கு வாய் வலித்தது.

ஒருநாள் நாவல் மரத்துக் கிளையில் உட்கார்ந்து குயிலம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பழத்தைத் தின்று கொட்டையைத் துப்பிவிட்டுப் பேச்சைத் தொடங்கினாள்.

"ஏண்டி வேலாயி, உனக்கு இப்படி ஒரு கைவேலை இருக்கு. அதை வெச்சுக்கிட்டு முதுகுல ரெண்டு மூட்டையையும் சுமந்துக்கிட்டு இருக்கியே."

"மூட்டை இல்லக்கா. பிள்ளைங்க."

"பிள்ளைதான், யாரு இல்லைன்னா? பிள்ளை வளர்க்கிறதுக்குன்னே சில பேரு பிறந்திருக்காங்க. காக்கையம்மா அப்படி ஒரு ஆளு. நம்மள மாதிரி ஒரு கலை தெரிஞ்சவங்க அதுல போய் மாட்டிக்கலாமா? என்னைப் பாரு. எனக்குக் குரல் கட்டுதா? கவலை உண்டா? என் பிள்ளைங்க எங்கேயோ நல்லாத்தான் இருக்கு."

எங்கே இருக்கின்றன என்று குயிலம்மா சொல்லவில்லை. காட்டில் எல்லோருக்கும் தெரியும், காக்கையம்மா ஒருத்தியைத் தவிர.

வேலாயி இரண்டு நாள் யோசித்தாள். குளத்தில் தண்ணீர் அல்லித் தண்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் குட்டிகளைச் சுமந்துகொண்டு காட்டின் அந்தக் கோடிக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய புளியமரத்தில் காக்கையம்மா குடியிருந்தாள்.

"கொஞ்ச நாளைக்கு இதுகளைப் பார்த்துக்குவீங்களா அத்தை? சூளை வெச்சதும் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

"விட்டுட்டுப் போம்மா" என்றாள் காக்கையம்மா. அவள் நல்ல மனசுக்காரி. "என் பிள்ளைகளோட பிள்ளையா இருந்துட்டுப் போகட்டும். என் கடைக்குட்டிகூடப் பாரேன், குரலே ஒரு தினுசா இருக்கு, சாப்பாடு மூணு பேர் சாப்பாடு சாப்பிடுது. அதுக்காக என் பிள்ளை இல்லைன்னு ஆயிடுமா?"

வேலாயி தலையைக் குனிந்துகொண்டாள். குட்டிகளிடம் சொல்லிக்கொள்ளாமலேயே திரும்பி நடந்தாள். சொன்னால் அழும். அழுதால் அவளால் போக முடியாது.

அன்றைக்குச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தபோது முதுகு லேசாக இருந்தது. எவ்வளவு நாள் ஆயிற்று! சக்கரம் சுற்றியது, மண் எழும்பியது, கழுத்து வாங்கியது, வாய் விரிந்தது. ஒரு பானை, அடுத்த பானை என்று வரிசையாக அறுத்து அறுத்து வைத்தாள். தன் கையா இது என்று அவளுக்கே பெருமையாக இருந்தது. மனசு நிறைந்துபோயிற்று. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பிள்ளை இல்லாமல் மண்ணோடு தனியாக இருந்தது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் சாயங்காலம் குட்டிகளைப் பார்க்கப் புளியமரத்தடிக்குப் போய் முதுகைக் குனிந்து காட்டினால் குட்டிகள் ஏறவில்லை. மொச்சை கிளையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். உளுந்து அம்மாவைப் பார்த்து, "கா" என்றாள். காக்கையம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். வேலாயிக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாகத் திரும்பி வரும்போது முதுகில் காற்றுப் பட்டுக் குளிர்ந்தது.

'வேலை முடியட்டும், எல்லாம் சரியாயிடும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இந்த இடத்தில் பானை வேலையைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சக்கரத்தில் வனைந்த பானைக்கு அடி கிடையாது. அறுத்து எடுக்கும்போது கீழே ஓட்டையாகத்தான் இருக்கும். அதை நிழலில் காயவைக்க வேண்டும். பாதி காய்ந்து பதமாக இருக்கும்போது, உள்ளே ஒரு உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடவேண்டும். பதத்துக்கு முன்னால் தட்டினால் நசுங்கும். பதம் தப்பிய பிறகு தட்டினால் பிளக்கும். அந்த நேரம் வந்தால் பானைக்காரி அங்கே இருந்தே ஆகவேண்டும்.

வேலாயியின் பானைகள் வரிசையாகப் பதத்துக்கு வந்த நாள் அது. கல்லைக் கையில் எடுத்துவிட்டாள். பலகையை நனைத்தாகிவிட்டது. அப்போது காக்கையம்மா பறந்து வந்தாள்.

"வேலாயி, உளுந்துக்கு வயிறு சரியில்லைம்மா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கொடுத்துப் பார்த்துட்டேன். எங்க பிள்ளைங்களுக்கு ஒத்துக்கிறது இதுக்கு ஒத்துக்கலை. அம்மா அம்மான்னு முனகுது."

கல் எங்கே விழுந்தது, பலகை எங்கே விழுந்தது என்று வேலாயிக்குத் தெரியாது. ஓடினாள். உளுந்து சுருண்டு கிடந்தாள். வேலாயி அவளை மடியில் போட்டுக்கொண்டு, வேர் தேடித் தோண்டி மென்று கொடுத்து, வயிற்றைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வெயில் ஏறும்போதுதான் உளுந்து கண்ணைத் திறந்து பால் கேட்டாள். வேலாயிக்கு உயிர் வந்தது.

இரண்டு குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு சக்கரத்தடிக்குத் திரும்பினாள். பானைகள் வரிசையாக நின்றன. தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரி காய்ந்திருந்தன. ஒன்றை எடுத்துத் தட்டினாள். பிளந்தது. இன்னொன்றைத் தட்டினாள். அதுவும் பிளந்தது. மீதியைத் தட்டவில்லை. ஒரு கை இருந்து மேலே ஈர இலையைப் போட்டிருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும். யார் இருந்தார்கள் போட?

மொச்சை ஓர் அடியில்லாப் பானைக்குள் தலையை விட்டான். அந்தப் பக்கம் முகத்தை நீட்டி, "அம்மா, நான் இங்க வந்துட்டேன்" என்றான்.

வேலாயி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பக்கத்திலேயே ஒரு வயசான தான்றி மரம். அதன் பொந்தில் இருவாட்சியம்மா இருந்தாள். இருவாட்சிப் பறவைகளின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முட்டையிடும் காலத்தில் தாய்ப்பறவை பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். மூக்கு நுழைகிற அளவுக்கு ஒரு சந்து மட்டும் இருக்கும். பிள்ளை வளரும் வரைக்கும் வெளியே வராது. இந்த இருவாட்சியம்மா வாசலை அடைத்ததும் வேலாயியிடம் வாங்கிய மண்ணால்தான்.

"நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள் அவள். சந்து வழியாக மூக்கு மட்டும் தெரிந்தது. "அந்தக் குயில் பேச்சைக் கேட்டு ஆடினே. என்ன ஆச்சு? பிள்ளைங்க சின்னதா இருக்கிற காலம் திரும்பி வராது வேலாயி. பானை அடுத்த வருஷம் வரும். கதவைச் சாத்திட்டுப் பிள்ளைங்களோட இரு. என்னைப் பாரு, இறகுகூட உதிர்ந்துபோச்சு. நான் கவலைப்படறேனா?"

"உங்களுக்குச் சாப்பாடு?"

"எங்க வீட்டுக்காரர் கொண்டு வருவார்."

"எனக்கு யாரு கொண்டு வருவாங்க அக்கா?"

மூக்கு சட்டென்று உள்ளே போய்விட்டது. இருவாட்சியம்மாவுக்கு அந்த யோசனையே வந்ததில்லை.

ஆனாலும் வேலாயி பயந்துபோயிருந்தாள். சக்கரத்தின் மேல் இலைகளைப் போட்டு மூடிவிட்டுக் குகைக்குப் போனாள். மண்ணைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள். முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போயின. மூன்று பேரும் புற்றைத் தோண்டிக் கரையான் தின்றார்கள். ஒருவர் மேல் ஒருவர் உருண்டார்கள். உளுந்து "கா" சொல்வதை விட்டுவிட்டாள். மொச்சை மறுபடி காதைப் பிடித்து இழுத்தான்.

பிறகு அவள் கை சும்மா இருக்க மறுத்தது. புற்றுமண்ணைத் தன்னை அறியாமல் பிசைந்துகொண்டிருப்பாள். உருட்டுவாள். நினைவு வந்ததும் தூக்கி எறிவாள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் மொச்சை மேல் எரிந்து விழுந்தாள். அவன் ஒரு சருகை இழுத்தால்கூட, "சும்மா இருக்கமாட்டே?" என்று கத்தினாள். கத்திவிட்டு அவளே போய் மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

உளுந்து வந்து அவள் கையை முகர்ந்து பார்த்தாள்.

"அம்மா, உன் மேல மண் வாசனை இல்ல."

"அதுக்கென்னடி?"

"நீ வேற யாரோ மாதிரி இருக்கே."

அந்த நேரம் பார்த்துக் குகை வாசலில் சத்தம் கேட்டது.

காடே வந்து நின்றது. முன்னால் முயல், பக்கத்தில் மயில், பின்னால் அணில்கள், ஓரமாக ஒரு சருகுமான். சருகுமானின் காலுக்கடியில் அவள் குட்டி நின்றது. புதுக்குட்டி, கால் இன்னும் நிலையாக நிற்கவில்லை. முயல் மொச்சையின் அடியில்லாப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"வேலாயக்கா, இது என்ன? மேல ஊத்தினா கீழ வருது. இதுல தண்ணி எங்க நிக்கும்?"

"போன வருஷம் இந்நேரம் சூளையே ஆறிப்போச்சு" என்றான் மயில். "குளத்துல இப்போ முழங்கால் தண்ணிதான் இருக்கு. அதுவும் என் முழங்கால்."

"பானை எப்போ?" என்றன அணில்கள்.

வேலாயி எல்லோரையும் பார்த்தாள். கடைசியில் சருகுமானைப் பார்த்து, "நீ ஏன் சும்மா நிக்கறே? நீயும் கேளேன்" என்றாள்.

சருகுமான் தயங்கித் தயங்கிப் பேசினாள். "நேத்து ஆத்துப் பக்கம் போய்ப் பார்த்துட்டு வந்தேன் அக்கா. முதலை கரையிலேயே கிடக்கு. அது வாயைத் திறந்தா நான் ஓடிருவேன். இது ஓடாது." குட்டியை மூக்கால் தடவினாள். "உன்னைக் குறை சொல்ல வரலை. என்ன செய்யறதுன்னு தெரியாமத்தான் வந்தேன்."

அந்தக் குட்டியைப் பார்க்க வேலாயிக்குப் பாவமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்த கோபம்.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "சக்கரத்தடி வழியா எல்லாரும்தான் போனீங்க. பானை எப்போ, பானை எப்போன்னு எல்லாரும் கேட்டீங்க. பிள்ளைங்க சாப்பிட்டுச்சான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? கொஞ்ச நேரம் இதுங்களை நான் பார்த்துக்கறேன், நீ மண்ணைப் பாருன்னு ஒருத்தர் சொன்னீங்களா?"

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டான்.

"நீ கேக்கவே இல்லையே அக்கா" என்று முயல் முணுமுணுத்தான்.

"கேக்கலைதான். தப்புதான். இப்போ கேக்கறேன்." வேலாயியின் குரல் தணிந்தது. "எனக்கு நாள் முழுக்க வேண்டாம். காட்டுக்கு அந்தக் கோடியில கொண்டுபோய் விடவும் என்னால ஆகாது. காலையில சக்கரம் சுத்தற நேரமும், அடி மூடற நேரமும் மட்டும் என் முதுகு காலியா இருக்கணும். பிள்ளைங்க என் கண்ணுக்கு எதிர்ல இருக்கணும். பானை நிழல்ல காயற நேரமெல்லாம் நான் அவங்க அம்மா. நடுவுல அதுங்க என்னைத்தான் வேணும்னு அழுதா நான் போவேன். அப்போ யாராவது பானைங்க மேல ஈர இலையைப் போட்டு வெக்கணும். இலை போட்டா மண் எனக்காகக் காத்திருக்கும். பிள்ளை காத்திருக்காது."

"பிள்ளைங்களை நான் வெச்சுக்கறேன்" என்றாள் சருகுமான். அவள் உயரம் மொச்சையின் தோள் வரைக்கும்தான் இருக்கும்.

"எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது" என்றான் முயல்.

"உனக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள் வேலாயி.

முயல் காதைச் சொறிந்தான். அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான்.

மறுநாளே வேலை தொடங்கியது. சுடாத பானை வீணாகப் போகாது. பிளந்ததையும் காய்ந்ததையும் உடைத்து, குளத்து ஓரத்தில் ஊறப்போட்டார்கள். மொச்சை மட்டும் தன் பானையைத் தரமாட்டேன் என்று கழுத்தில் மாட்டிக்கொண்டான். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஊறிய மண்ணை மிதிக்கவேண்டும் என்றதும் குட்டிகள் இரண்டும் குதித்துவிட்டன. மண்ணை மிதித்தார்களா, சேற்றில் கூத்தடித்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். மண் மிருதுவாக வந்தது.

சக்கரம் சுற்றத் தொடங்கியது. எதிரே நாவல் மரத்தடியில் குட்டிகள். முயல் படுத்துக்கொள்ள, இரண்டு குட்டிகளும் அவன் முதுகில் ஏறப் பார்த்தன. முயலைக் காணவே காணோம், அடியில் காது மட்டும் தெரிந்தது. மயில் தோகையை விரித்து ஆடிக் காட்டினான். உளுந்து ஓர் இறகைப் பிடுங்கிக்கொண்டாள். மயில், "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே தள்ளிப் போய் நின்றான். வேலாயி இடையிடையே நிமிர்ந்து பார்ப்பாள். குட்டிகளும் பார்க்கும். அம்மா அங்கேதான் இருக்கிறாள் என்று தெரிந்ததும் விளையாட்டுக்குத் திரும்பிவிடும். வெயில் ஏறியதும் வேலாயி கையைக் கழுவிக்கொண்டு வந்து முதுகைக் குனிவாள். இரண்டும் ஒரே தாவலில் ஏறும்.

அடி மூடுகிற நாள் வந்தது. வேலாயிக்கு உள்ளுக்குள் உதைப்புதான். குளத்தில் மொண்டு நிரப்புகிற அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சம். இந்தத் தடவை பதம் தப்பினால் மறுபடி செய்ய நாள் இல்லை. கல்லை உள்ளே கொடுத்துப் பலகையால் தட்டத் தொடங்கினாள். டப், டப், டப். முதல் பானை மூடியது. அடுத்ததும் மூடியது.

மரத்தடியில் உளுந்து கிளையிலிருந்து வழுக்கித் தொப்பென்று விழுந்தாள். அடி பலமில்லை, ஆனால் வாயைத் திறந்தாள் பாருங்கள், காடே அதிர்ந்தது. சருகுமான் நக்கிக் கொடுத்தாள். மயில் ஆடினான். முயல் குட்டிக்கரணம் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. "அம்மாதான் வேணும்!"

வேலாயி கல்லையும் பலகையையும் கீழே வைத்தாள். இந்தத் தடவை அவை விழவில்லை, வைத்தாள். பானைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய் உளுந்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முட்டியை ஊதினாள். விழுந்த கதையை உளுந்து ஆதியிலிருந்து சொன்னாள். வேலாயி முழுக்கக் கேட்டாள். மொச்சை வந்து தான் பார்த்த விதத்தைச் சொன்னான். அதையும் கேட்டாள். அழுகை விம்மலாகி, விம்மல் கொட்டாவியாகி, உளுந்து தூங்கிப்போனாள்.

அதற்குப் பிறகுதான் வேலாயி நிமிர்ந்தாள். பானைகளின் பக்கம் திரும்பினாள்.

பானை வரிசையைக் காணவில்லை. தேக்கிலைக் குவியல்தான் தெரிந்தது. அணில்கள் இலை பறித்துப் போட்டுக்கொண்டிருந்தன. முயல் குளத்துக்கும் பானைக்குமாக ஓடி இலைகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். மூச்சு வாங்கியது அவனுக்கு. "பானை எப்போ" என்று யாரும் கேட்கவில்லை.

வேலாயி இலையைத் தூக்கிவிட்டு ஒரு பானையைத் தொட்டாள். மண் குளிர்ந்து, பதமாக, அவளுக்காகக் காத்திருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. "நல்லா இருங்கப்பா" என்றாள். கல்லை எடுத்தாள். பொழுது சாய்வதற்குள் எல்லாப் பானைக்கும் அடி மூடியாயிற்று.

சூளை வைத்தார்கள். சுட்டுச் சிவந்த பானைகளை எடுத்துக்கொண்டு போய் மிச்சமிருந்த தண்ணீரை மொண்டு, வாசலுக்கு வாசல் நிழலில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் குளம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. சருகுமான் வாசலில் அவள் குட்டி பானைக்குள் மூக்கை விட்டுக் குடித்துவிட்டு, தும்மிவிட்டு, மறுபடி குடித்தது. ஆற்றங்கரையில் முதலை வாயைத் திறந்துகொண்டு காத்துக் கிடந்தது. கிடக்கட்டும்.

ஒரு மத்தியானம் குயிலம்மா வேலாயியின் குகை வாசலில் வந்து இறங்கினாள். தொண்டை வறண்டுபோய்ப் பேச்சே வரவில்லை. பானையைப் பார்த்தாள், வேலாயியைப் பார்த்தாள். வேலாயி பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை.

"குடி அக்கா. வாசல் பானை யாருக்கும்தான்."

குயிலம்மா வயிறு முட்டக் குடித்தாள். இறக்கையை விரித்துக் கிளம்பப் போனாள்.

"எங்க போறே?" என்றாள் வேலாயி. உளுந்தைத் தூக்கி அவள் பக்கத்தில் உட்கார வைத்தாள். "இவளுக்குத் தூக்கம் வருது. நான் மண்ணைப் பிசைஞ்சிட்டு வர்ற வரைக்கும் ஒரு பாட்டுப் பாடு."

குயிலம்மா திகைத்துப்போனாள். அவள் இதுவரை எந்தப் பிள்ளைக்கும் பாடியதில்லை. உளுந்து அவள் இறக்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "கா" என்றாள். குயிலம்மாவுக்குத் தன் பிள்ளைகள் வளர்கிற காக்கைக் கூட்டின் நினைவு வந்தது. மெதுவாகப் பாடத் தொடங்கினாள்.

பானை வேண்டும் என்று கேட்கிறவர்கள், அந்தப் பானையைச் செய்கிறவளின் பிள்ளையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும்.